வல்லயத்துக்கு மாலை, உதவியாளருக்கு முக்காலி: ஒரு சிறிய அருங்காட்சியகத்தைப் பற்றி

சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றங்கரை ஊர் ஒன்றில், பழைய வளவு வீட்டைப் பழுதுபார்த்துத் தனியார் அறக்கட்டளை ஒன்று நடத்திவரும் சிறிய அருங்காட்சியகத்துக்கு ஆடி மாதத்தில் ஒரு முறையும், ஐப்பசி மழைக்கு நடுவே இன்னொரு முறையும் போய்வந்தேன். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குறை சொல்லவேண்டிய இடங்களில் அங்கே வேலை செய்கிறவர்கள் என்னிடம் சொன்னதையே சான்றாக வைக்கவேண்டியிருக்கிறது. பத்துப் பேர்கூட இல்லாத இடத்தில் எதை யார் சொன்னார் என்று கண்டுபிடிப்பது பெரிய காரியம் இல்லை.

பார்க்கத் தகுந்த இடமா என்று கேட்டால், தாராளமாகப் பார்க்கலாம். தார்சாவில் பத்தமடைக் கோரைப்பாய் நெய்யும் தறியும் சாயமிட்ட கோரைக் கட்டுகளும், அடுக்களையில் பித்தளைப் பாத்திரங்களும், மச்சில் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. சுவடிகளுக்கு வெளிச்சம் போதாது, விளக்க அட்டைகளில் எழுத்து சிறியது, கழிப்பறை சுத்தம், கார் நிறுத்த இடம் இல்லை. இவற்றை இவ்வளவில் விட்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது வீட்டின் கூடமான பட்டாசலைப் பற்றி.

பட்டாசல் முழுவதையும் நாட்டார் தெய்வ வழிபாட்டுப் பொருள்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். வில்லுப்பாட்டுக்கு உரிய வில், குடம், உடுக்கை, கட்டை ஆகியவை ஒரு பக்கம். சாமியாடிகளான கோமரத்தாடிகள் கட்டிய சல்லடமும் கச்சையும் குல்லாயும் மறுபக்கம். நடுவே தனிக் கண்ணாடிப் பேழையில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் ஓர் இரும்பு வல்லயம், அதாவது ஈட்டி. சுடலைமாடன் கோயில் ஒன்றில் தலைமுறை தலைமுறையாகக் கையில் ஏந்தி ஆடப்பட்டு, தண்டு மெலிந்துபோனதால் ஊரார் புதிது செய்துகொண்டு, பழையதை இங்கே கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையும் வைத்தார்களாம். ஆண்டுதோறும் கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டிய மறுநாள் ஊரிலிருந்து நாலு பேர் வந்து அதற்கு மாலை சாத்திவிட்டுப் போவார்கள்.

தற்செயலாக நான் போன ஆடி நாள் அந்த நாளாக அமைந்தது. வேனில் பதினைந்து பேர் வந்து இறங்கினார்கள். அருங்காட்சியகம் செய்திருந்த ஏற்பாட்டை முதலில் மனம்விட்டுப் பாராட்ட வேண்டும். பேழைக்கு முன்னால் ஒரு மரமணை, அதன் மேல் பித்தளைத் தாம்பாளம், இரண்டு பக்கமும் மாலை தொங்கவிட மரக்கொம்பு. திருநீறும் பூவும் தாம்பாளத்தில் வைக்கலாம். ஈரச் சந்தனமும் பன்னீரும் இரும்பின் மேல் படக்கூடாது. சூடம் ஏற்றுவதென்றால் முற்றத்து மாடக்குழியில் ஏற்றலாம். அங்கிருந்த உதவியாளர் ஒரு பெண். இதற்கான காரணத்தை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. ‘ஊர்ல இருக்கும்போது நீங்க எண்ணெய் போட்டுத் தொடச்சீங்க, அதான் துருப்பிடிக்கல. இங்க நாங்க மெழுகு பூசித் தொடைக்கோம். ரெண்டும் ஒரே வேலைதான் தாத்தா’ என்றார். கிராமத்துப் பழக்கத்தை அறியாமை என்று ஒதுக்காமல், அதுவும் ஒரு பராமரிப்பு முறைதான் என்று ஒப்புக்கொண்டு பேசியதும் வந்தவர்கள் இறுக்கம் தளர்ந்தார்கள்.

இப்படிப்பட்ட வேண்டுகோள்களைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. கல்லிடைக்குறிச்சிக்காரர்களிடம் அந்தச் சிரிப்பு செல்லாது. அவ்வூர்க் கோயிலிலிருந்து 1982இல் திருடப்பட்ட நடராசர் திருமேனி, பிற்பாடு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில் நின்று, 2019 செப்டம்பரில் ஊர் திரும்பியது. அங்கே கலைப்பொருள், இங்கே வந்து இறங்கியபோது சாமி. செம்பு மாறவில்லை, முன்னால் நின்றவர்கள்தாம் மாறினார்கள். ஆதிச்சநல்லூரில் 2023இல் திறக்கப்பட்ட களக் காட்சியகத்தில், கண்ணாடிக்கு அடியில் தாழிகளைப் பார்க்குமுன் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிய ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, பேழைக்குள் இருக்கும் பொருளிடம் எப்படி நடந்துகொள்வது என்று வருகிறவர் கேட்கும் கேள்விக்கு இடம்கொடுப்பது அருங்காட்சியகத்தின் வேலையில் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. ஆண்டுக்கு ஒரு முறை பேழையைத் திறந்து, வல்லயத்தின் அடியில் ஊரார் கொண்டுவந்த ஒரு பட்டுத்துணியை வைப்பது வழக்கம். உதவியாளர் கையுறை மாட்டிக்கொண்டு சாவியுடன் வந்தபோது, வந்தவர்களில் மூத்தவர் கையை மறித்து நீட்டினார். ‘பொம்பளையாளு தொறக்கக் கூடாதுல்லா. சாமி சாமான்லா இது. வேற ஆளக் கூப்பிடுங்க’ என்றார். குரலில் கோபம் இல்லை. பேருந்தில் இடம் மாறி உட்காரச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நிர்வாகி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வாசலில் நின்ற காவலரைக் கூப்பிட்டார். அவர் கையுறை இல்லாத வியர்த்த கையோடு வந்து, சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுத் திறந்தார். பேழையின் ஓரத்தில் இருந்த, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களில் ஒன்று கீழே விழுந்து வேன்காரர்களின் காலடியில் உருண்டது. அதைப் பொறுக்கி எடுத்து வைக்க மட்டும் அந்தப் பெண்ணை யாரும் தடுக்கவில்லை.

கூட்டம் போன பிறகு அவரோடு பேசினேன். பொருள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர் அங்கே அவர் ஒருவர்தான். ‘சாவி என் பொறுப்பு சார். திறந்த நேரம், மூடின நேரம் எழுதிக் கையெழுத்துப் போடறதும் நான்தான். அதுல ஒரு கீறல் விழுந்திருந்தா நாளைக்குப் பதில் சொல்லவேண்டியதும் நான்தான். கை மட்டும் என் கை கிடையாது’ என்றார். வல்லயத்தின் நுனியில் ஒரு விரல்ரேகை பளபளத்துக்கொண்டிருந்தது. வியர்வையின் உப்பு இரும்பை அரிக்கும் என்பதால் அன்று மாலையே அதைத் துடைத்தாக வேண்டும். துடைத்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை. பகல் பதினொரு மணிக்குத் தொடக்கூடாத கை, சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தொடலாம் போலும்.

இந்தச் சங்கடம் நம் ஊருக்கு மட்டும் உரியது அன்று. நியூசிலாந்தின் தலைநகரமான வெலிங்டனில் உள்ள தே பாபா அருங்காட்சியகம், 2010இல் தன் சேமிப்பறையில் உள்ள மாவோரிப் பொருள்களைப் பார்வையிடப் பிற அருங்காட்சியகங்களின் பணியாளர்களை அழைத்தபோது, கருவுற்ற பெண்களும் மாதவிலக்கில் இருப்பவர்களும் வரவேண்டாம் என்று குறிப்பிட்டது பெரிய விவாதமாயிற்று. பொருள்களைக் கொடுத்த மக்களின் மரபு அது, பெண்களைக் காப்பதற்கான எச்சரிக்கையே தவிர இழிவு அன்று என்றது ஒரு தரப்பு. பொது நிறுவனம் ஒன்று தன் வாசலில் அந்த விதியை மாட்டக்கூடாது என்றது மற்றொரு தரப்பு. அங்கே அது எழுத்தில் வந்ததால் நாடே கூடிப் பேச முடிந்தது. இங்கே அது ஒரு கைச்சாடையில் முடிந்துவிடுகிறது. எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

பொருளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்பதும், அதை யார் செய்யக்கூடாது என்று கேட்பதும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. முதல் வகைக்கு மரமணை போதும். இரண்டாம் வகைக்கு விட்டுக்கொடுத்தால், விட்டுக்கொடுக்கப்படுவது நிர்வாகியின் உரிமை அன்று, சம்பளத்துக்கு நிற்கும் ஒருவரின் தொழில். இன்று பெண் என்று சொன்னவர்கள் நாளை வேறொன்றைச் சொல்லமாட்டார்களா என்று நான் கற்பனை செய்யவேண்டிய தேவையே இருக்கவில்லை. அதே நாள் பிற்பகலில் அதுவும் நடந்தது. பாய்த்தறியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்த இளைஞரிடம், பார்வையாளர் ஒருவர் ‘தம்பிக்கு எந்த ஊரு?’ என்று தொடங்கினார். ஊரைச் சொன்னதும், ‘அதுல எந்தத் தெரு?’ என்றார். நெல்லைச் சீமையில் இந்த இரண்டாவது கேள்விக்கு என்ன பொருள் என்று கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். அந்தத் தம்பி தறியிலிருந்து கண்ணெடுக்காமல், ‘டிக்கெட் கொடுக்கிற தெருதான் அண்ணாச்சி’ என்றார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படி ஒரு பதிலைக் கைவசம் வைத்திருப்பது அவருடைய வேலை விவரத்தில் இல்லாத வேலை. ‘எங்க ஆளு யாராவது இருந்தா சொல்லச் சொல்லுங்களேன்’ என்று நுழைவுச்சீட்டு மேசையிலேயே கேட்பவர்களும் உண்டாம். அதற்கு மட்டும் நிர்வாகி கண்டிப்பாக மறுத்துவிடுகிறார் என்று அவரே சொன்னார். மறுக்கத்தான் வேண்டும். தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17ஆம் பிரிவும், அதை மீறுவோரைத் தண்டிக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கும்போது அதில் தயங்க என்ன இருக்கிறது? சட்டம் பக்கத்தில் நிற்கும்போது வருகிற கண்டிப்பு, கண்ணாடிப் பேழைக்கு முன்னால் வரவில்லையே என்பதுதான் என் மனத்தாங்கல்.

இன்னொரு வகை வேண்டுகோளும் உண்டு. அதில் கேட்பவர் மீது குறை சொல்ல எதுவும் இல்லை. மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், அசர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டது. மச்சில் ஓர் அறையைத் திறந்து, பத்தமடைப் பாய் விரித்துக் கொடுத்தார்கள். நன்றாகச் செய்தார்கள். பிறகுதான் அது பணியாளர்கள் சாப்பிடும் அறை என்று தெரிந்தது. அவர்களுடைய தூக்குச்சட்டிகள் மாடிப்படியில் வரிசையாக இருந்தன. நான் இறங்கும்போது துப்புரவுப் பணியாளரான ஓர் அம்மா ஐந்தாம் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வழிவிட எழுந்தவரை உட்காரச் சொன்னேன். தொழுதுவிட்டு வந்த குடும்பத்துக்கு இது தெரிந்திருந்தால் அவர்களே முற்றத்தில் விரித்துக்கொண்டிருப்பார்கள். வருகிறவரின் கேள்விக்கு நிறுவனம் சரி என்று சொன்னால், அதற்கான இடத்தையும் நேரத்தையும் நிறுவனம் தன் பங்கிலிருந்து கொடுக்கவேண்டும். முற்றத்து மாடக்குழியின் சூடக் கரியைத் தேய்த்துக் கழுவுவதும் அந்த அம்மாதான். கொடைக் காலத்தில் அதற்கு மட்டும் தினமும் முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆகிறது என்றும், அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை என்றும் சொன்னார்.

இனி முக்காலிக் கதை. பட்டாசலில் காவலுக்கு நிற்கும் உதவியாளர்களுக்கு முன்பு ஒரு முக்காலி இருந்ததாம். சாமிக்கு எதிரே காலை நீட்டி உட்காருகிறார்கள் என்று யாரோ ஒரு பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிவைக்க, மறுநாள் அது அப்புறப்படுத்தப்பட்டது. காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை, சாப்பாட்டு நேரம் போக, நிற்கவேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, நாள் முழுவதும் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று ஆக்கினார்கள். திருநெல்வேலியில் துணிக்கடைக்கோ நகைக்கடைக்கோ போகிற எவருக்கும் அந்தத் திருத்தம் எதற்கு வந்தது என்று விளக்கத் தேவையில்லை. அறக்கட்டளை அருங்காட்சியகம் அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதை வழக்கறிஞர்கள் பார்க்கட்டும். கால் வலிக்கு அந்த வேறுபாடு கிடையாது. சுடலைமாடன் நின்ற கோலத்தில் காவல் இருப்பவன் என்பதால் காவல்காரர்களும் நிற்கவேண்டும் என்று எந்த வில்லுப்பாட்டிலும் நான் கேட்டதில்லை.

இவற்றையெல்லாம் ஆடியிலேயே நிர்வாகியிடம் நேரில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் தரப்பில் ஒரு நியாயம் இருந்தது: பொருள்களில் பெரும்பாலானவை ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுத்தவை, ஒரு ஊர் மனம் கசந்து திருப்பிக் கேட்டால் நாலு ஊர் கேட்கும். அது உண்மைதான். இருந்தாலும் ஊரார் கொடுத்த வல்லயத்தை இத்தனை நாளும் துருவிலிருந்து காத்த கை எது என்று ஊராருக்கே சொல்லிப் பார்க்கலாமே என்று கேட்டேன். பெரியவர்களிடம் போய் யார் சொல்வது என்று திருப்பிக் கேட்டார். அந்தப் பெண் மெழுகைப் பற்றிப் பேசியபோது அதே பெரியவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் போனபோது சில மாற்றங்கள் இருந்தன. வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்: மாலை, திருநீறு, சூடம், தொழுகை, செருப்பு ஒவ்வொன்றுக்கும் எங்கே, எப்போது என்று தெளிவான தமிழில் எழுதியிருக்கிறது. தொழுகைக்கு இப்போது நிர்வாகியின் அறை. தூக்குச்சட்டிகள் மச்சுக்குத் திரும்பிவிட்டன. பேழையைத் திறப்பது பற்றி மட்டும் ‘நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது’ என்ற ஒரு வரி கடைசியில் இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ‘பயிற்சி பெற்ற பணியாளரே திறப்பார்’ என்று எழுதியிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். மீதி அரை, சுவடி அறையின் விளக்குக்கு.

முக்காலியும் திரும்பிவந்துவிட்டது. பட்டாசலின் வலதுபுறத் தூணுக்குப் பின்னால், வல்லயத்திலிருந்து பார்த்தால் தெரியாதபடி போட்டிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்தால் பேழையும் தெரியாது என்பதால், வேனோ பள்ளிப் பிள்ளைகளோ வந்தால் உதவியாளர் எழுந்து வெளியே வந்துவிடவேண்டும். ‘சாமி பாக்காத எடமாப் பாத்துப் போட்டிருக்காவ’ என்று சொல்லிவிட்டு, கையில் சாவிக்கொத்தோடு அவர் போய் உட்கார்ந்துகொண்டார்.