வெள்ளவத்தை ஏஜென்சியும் என்ர கறுத்தக்கொழும்பானும் (5க்கு ரெண்டரை)

மாஸ்டர்ஸுக்கு வெளிநாடு போகலாம் எண்டு வெள்ளவத்தையில ஒரு எஜுகேஷன் கன்சல்டன்சிக்கு கிட்டத்தட்ட ஒரு வருசம் ஏறி இறங்கினனான், அதைப்பற்றித்தான் இந்த ரிவியூ. பேர் போடேல்ல. அங்க கவுண்டர்ல இருக்கிற பிள்ளை தங்கமான பிள்ளை, அவவுக்கு என்னால ஒரு பிரச்சினையும் வரக்கூடாது. மற்றது காலி ரோட்டில துணிக்கடைக்கு மேல, நகைக்கடைக்கு மேல எண்டு இப்பிடி எத்தினையோ ஏஜென்சி இருக்கு, நான் சொல்லுறதில அரைவாசி எல்லாத்துக்கும் பொருந்தும் எண்டுதான் நினைக்கிறன்.

முதல்ல என்ர நிலைமை. கிளிநொச்சி கம்பஸில விவசாயம் படிச்சு முடிச்சனான், கடைசி வருச ரிசேர்ச் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில. பழம் பழுக்கேக்க தோலில கறுப்புக் கறுப்பா புள்ளி விழுமெல்லோ, அது அந்திராக்னோஸ் எண்ட பூஞ்சை நோய். பகிடி என்னெண்டா காய் மரத்தில பச்சையா நிக்கேக்கையே பூஞ்சை உள்ள போய் சத்தமில்லாம படுத்திருக்கும், நாங்கள் நல்ல காய் எண்டு பெட்டியில அடுக்கி கொழும்புக்கு ஏத்தி விட, இங்க வந்து பழுக்கேக்கதான் அது முழிக்கும். 52 பாகை சுடுதண்ணியில 5 நிமிஷம் போட்டு எடுத்தா எவ்வளவு குறையுது, தோல் அவிஞ்சு போகுதா எண்டு பாத்ததுதான் என்ர வேலை. அதை இன்னும் ஆழமா படிக்கோணும் எண்டுதான் ஹோர்டிகல்ச்சரல் சயன்ஸ், அதாவது தோட்டக்கலை மாஸ்டர்ஸ், அதுவும் தீசிஸ் செய்யிற மாஸ்டர்ஸ் தேடினனான்.

இதெல்லாத்தையும் ரை கட்டின கவுன்சிலர் அண்ணைக்கு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினன். அவர் தலையாட்டிக் கேட்டிட்டு கொம்பியூட்டர்ல ரைப் பண்ணினது "ஃப்ரூட் பிஸினஸ்". பிறகு திரையை என்ர பக்கம் திருப்பி "மிஸ்ஸுக்கு என்வயர்ன்மென்டல் மனேஜ்மென்ட் நல்லா சரிவரும், யூகே, ஒரு வருசம், ரெண்டு கிழமையில ஒபர் எடுத்துத் தாறம்" எண்டார். எடுத்தும் தந்தவர், அதில பொய் சொல்லக்கூடாது. 12 நாளில ஒபர் லெட்டர் வந்திட்டுது. நான் கேக்காத பாடத்துக்கு.

ஏன் இப்பிடி எண்டு எனக்கு விளங்க கொஞ்ச நாள் எடுத்தது. யூகே, அவுஸ்திரேலியா யூனிவர்சிட்டிகள் கன பேர், வகுப்பு மட்டும் உள்ள மாஸ்டர்ஸுக்கு பிள்ளையை சேர்த்து விட்டா ஏஜென்சிக்கு கமிஷன் குடுப்பினம். அமெரிக்காவில ரிசேர்ச் மாஸ்டர்ஸ் அப்பிடி ஓடுறேல்ல. அங்க புரொபசரிட்ட ப்ரொஜெக்ட் காசு இருக்கோணும், அவருக்கு ஆள் தேவைப்படோணும், அவர் "இந்தப் பிள்ளை எனக்கு வேணும்" எண்டு சொல்லோணும். சொன்னாரெண்டா ரிசேர்ச் அசிஸ்டன்ட்ஷிப் எண்டு ரியூஷன் பீஸையும் கழிச்சு மாசாமாசம் சம்பளமும் தருவினம். இதில ஏஜென்சிக்கு சதம் கிடைக்காது, பிறகு அவை ஏன் மினக்கெடப் போகினம்? ஆனா இதை முதல் நாளே வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் 45,000 ரூபா குடுத்து ஃபைல் திறந்திருக்க மாட்டன். எனக்கு இருக்கிற கோபம் அவ்வளவுதான்.

நான் விடாப்பிடியா அமெரிக்காதான் எண்டு நிண்டாப் பிறகு ஒரு யூனிவர்சிட்டி லிஸ்ட் தந்தவை. ராங்கிங்கை கூகிள்ல பாத்து மேலயிருந்து கீழ இழுத்த லிஸ்ட் எண்டு பாத்த உடனயே தெரிஞ்சுது. அதில மினசோட்டாவும் இருந்தது. மினசோட்டா பழ விஷயத்தில சும்மா இடம் இல்ல, ஹனிக்ரிஸ்ப் ஆப்பிளை உருவாக்கி 1991ல வெளிய விட்டதே அவைதான், ஆனா அவையின்ர பேரே குளிர் தாங்கிற பழ மரத்துக்குத்தான், நான் அங்க போய் மாங்கொட்டையை ஐஸில நடுறதா? புளோரிடா யூனிவர்சிட்டிக்கு ஹோம்ஸ்டெட் எண்ட இடத்தில வெப்பவலயப் பயிர்களுக்கெண்டே தனி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, மாம்பழம், அவகாடோ எல்லாம் பாக்கினம், அது லிஸ்டிலயே இல்ல. அறுவடைக்குப் பிந்தின தொழில்நுட்பத்துக்கு உலகம் முழுக்க தெரிஞ்ச பேர் கலிபோர்னியா டேவிஸ், அதுவும் இல்ல. இந்தப் பாடத்தில ராங்கிங்கை வச்சு ஒண்டும் கிழிக்கேலாது, பயிர் எங்க விளையுதோ புரொபசர் அங்கதான் இருப்பார், வத்தாளைக்கிழங்கு எண்டா நோர்த் கரோலைனா, ஆப்பிள் எண்டா கோர்னெல் எண்டு அப்பிடித்தான் தேடோணும். கண்ணாடிக்கூடாரப் பயிர்ச்செய்கை விருப்பம் எண்டா நெதர்லாந்தில வாகனிங்கன்ல ரெண்டு வருச மாஸ்டர்ஸ் இருக்கு, ஆனா எங்களைப் போல வெளியாக்களுக்கு பீஸ் கழுத்தறுப்பு.

இனி எஸ்ஓபி, அதாவது நான் ஏன் இதைப் படிக்கோணும் எண்டு யூனிவர்சிட்டிக்கு எழுதுற கடிதம். இதுக்குத் தனியா 25,000. என்ர மார்க்ஸ் ஷீட்டையும் ரெண்டு போட்டோகொப்பியையும் வாங்கி வச்சிட்டு அஞ்சு நாளால ஈமெயில்ல அனுப்பினவை. 100ம் நம்பர் பஸ்ஸில பம்பலப்பிட்டிச் சந்தியில ட்ராபிக்கில நிக்கேக்க போனில திறந்து பாத்தன். முதல் வசனம், சின்ன வயசில இருந்து எனக்குப் பூக்கள் எண்டா உயிராம். ரெண்டாவது வசனம், ஹோர்டிகல்ச்சர் எண்ட சொல் லத்தீனில இருந்து வந்ததாம். மூண்டாவது பந்தியில என்ர அம்மம்மா வீட்டுத் தோட்டத்தில ரோசாச்செடிக்குத் தண்ணி ஊத்தினதில இருந்துதான் எல்லாம் தொடங்கினதாம்! என்ர அம்மம்மா வளர்த்தது ஆடு, ரோசாவை அவவின்ர ஆடே விட்டிருக்காது. மாம்பழம் எண்ட சொல் முழுக் கடிதத்திலயும் ஒரே ஒரு இடத்தில, அதுவும் பிழையான ஸ்பெல்லிங். பக்கத்தில இருந்த ஆன்டி நான் சிரிக்கிறனா அழுறனா எண்டு திரும்பித் திரும்பிப் பாத்தவ.

புரொபசர்மாருக்கு அனுப்பச் சொல்லி ஒரு ஈமெயில் டெம்ப்ளேட்டும் தந்தவை. உங்கட புகழ்பெற்ற யூனிவர்சிட்டியில படிக்க ஆசை ஐயா அல்லது அம்மணி எண்ட மாதிரி. அறிவில்லாம அதை 40 பேருக்கு அனுப்பினன். ஒரு பதில், ஒண்டே ஒண்டு கூட வரேல்ல. பிறகு எங்கட கம்பஸ் மிஸ் ஒராளிட்ட போனில அழுதன், அவ "பிள்ளை, அவரின்ர கடைசி ரெண்டு பேப்பரை வாசி, அதில உனக்கு விளங்காத ஒரு இடத்தைக் கேள், நீ செய்ததை நாலு வரியில சொல்லு, அவ்வளவுதான்" எண்டா. அப்பிடி 11 பேருக்கு எழுதினன், ஒவ்வொண்டுக்கும் ரெண்டு நாள் போனது. மூண்டு பதில் வந்தது. ஒராள் இந்த வருசம் காசு இல்ல எண்டார், ஒராள் ரிட்டயர் ஆகப் போறாராம், மூண்டாமவர் கிழக்குக் கரைப் பக்கம், ஒக்டோபர்ல சூம் கோல் வச்சார், அவருக்கு காலமை பத்து மணி, எனக்கு இரவு ஏழரை, கீழ் வீட்டில ஆரோ தேங்காய் திருவுற சத்தத்துக்கு நடுவில சுடுதண்ணிக் கதை முழுக்க சொல்லி முடிச்சன். தோல் ஏன் சில பழத்தில மட்டும் அவிஞ்சது எண்டு கேட்டார். தெரியாது எண்டு சொன்னன். அதைத்தான் நீ வந்து செய்யோணும் எண்டார்.

காசு வீணாப் போன வேற ரெண்டு விஷயத்தையும் சொல்லோணும். ஒண்டு ஜிஆர்ஈ எண்ட நுழைவுச் சோதனைக்கான வகுப்பு, கட்டாயம் எண்டு சொல்லிச் சேர்த்தவை, நான் போட்ட ஒரு டிப்பார்ட்மென்டும் ஜிஆர்ஈ கேக்கேல்ல, இப்ப கன இடத்தில எடுத்திட்டினம், வெப்சைட்டில அஞ்சு நிமிஷத்தில பாக்கலாம். மற்றது ட்ரான்ஸ்கிரிப்ட் மதிப்பீடு, எங்கட மார்க்ஸை அமெரிக்க முறைக்கு மாத்திக் காட்டுறது. அப்ளை பண்ணேக்க ஸ்கான் கொப்பியை ஏத்தினாலே பல இடத்தில காணும், ஒரிஜினலைக் கேக்கிறது இடம் கிடைச்சாப் பிறகுதான். நான் டொலர்ல கட்டி முடிச்சுத்தான் இதை அறிஞ்சன்.

மார்ச்சில எனக்கு அந்தப் புரொபசரிட்ட இருந்து அசிஸ்டன்ட்ஷிப்போட ஒபர் வந்தது. அதே கிழமை கவுன்சிலர் அண்ணை கோல் எடுத்து, யூகே ஒபருக்கு டெபொசிட் கட்டாட்டி சீட் போயிடும், அமெரிக்காவையும் உடன ஓம் எண்டு சொல்லாட்டி அதுவும் போயிடும் எண்டு நெருக்கினார். அமெரிக்காவில காசோட வாற ஒபருக்கு பதில் சொல்ல ஏப்ரல் 15 வரைக்கும் நேரம் தாறதெண்டு கன யூனிவர்சிட்டிகள் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கினம், என்ர லெட்டரிலயே அது எழுதியிருந்தது. அதை வாசிச்சுக் காட்டினன், அண்ணை சத்தம் போடாம போனை வச்சார். பாங்கில 60 லட்சம் காட்டோணும் எண்டு அப்பாவை ரெண்டு மாசம் நித்திரை கொள்ள விடாம வச்சிருந்ததும் இவர்தான், அசிஸ்டன்ட்ஷிப் இருந்தா ஐ-20 எண்டு யூனிவர்சிட்டி விசாவுக்குத் தாற கடிதத்திலயே அந்தக் காசு வந்திடும்.

சரி, ரெண்டரை நட்சத்திரம் எதுக்கு? ஐஈஎல்ரிஎஸ் எண்ட இங்கிலீஷ் சோதனைக்கான வகுப்பு உண்மையிலேயே நல்லம், சேர் றைட்டிங் கொப்பியை வரி வரியாத் திருத்துவார், எனக்கு 7 வந்தது. விசா வேலையும் பரவாயில்ல. அந்தக் கவுண்டர்ப் பிள்ளை டிஎஸ்-160 எண்ட விசா போமை என்னோட பக்கத்தில இருந்து நிரப்பி, ஸ்டூடன்ட் விசாவுக்குக் கட்டுற 350 டொலர் செவிஸ் பீஸுக்கு என்ர கார்ட் ரெண்டு தரம் வேலை செய்யாமப் போக பாங்குக்கு கோல் எடுத்து அதையும் சரிப்பண்ணி, அம்பாசடர் மாதிரி கதிரையில இருந்து எனக்கு இன்டர்வியூவும் வச்சவ. ரெண்டரையில ரெண்டு அவவுக்கு.

ஆரும் இந்தப் பக்கம் படிக்கப் போறதெண்டா ஏஜென்சிக்கு முதல் ஃபுல்பிரைட் கமிஷன்ல அமெரிக்கப் படிப்புக்கு இலவசமா ஆலோசனை சொல்லுவினம், அங்க போங்கோ. நாட்டிலயே இருக்க விருப்பம் எண்டா பேராதனையில பிஜிஐஏ எண்ட விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் இருக்கு. இந்தியாவுக்கு எண்டா ஹைகமிஷன் ஸ்கொலர்ஷிப் அறிவித்தலைப் பாருங்கோ, என்ர பெட்ச் பெடியன் ஒராளுக்கு பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில கண். ஏஜென்சிக்குத்தான் போறதெண்டா ஐஈஎல்ரிஎஸ்ஸுக்கும் விசாவுக்கும் மட்டும் தனியா காசு கட்டுங்கோ, கேட்டா அப்பிடியும் எடுப்பினம், தாங்களாச் சொல்ல மாட்டினம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஃபைலுக்கெண்டு விட்டிட்டு வராதேங்கோ, என்ரயைத் திருப்பி எடுக்க அந்தப் படியில மூண்டு தரம் ஏறினனான், லிப்ட் வேற இல்ல.