அமெரிக்க போலீஸ் ஸ்டாப், சாட்சி, அரெஸ்ட் பத்தின ஆன்லைன் கோர்ஸ் ரிவ்யூ

அமெரிக்கால போலீஸ் ஒருத்தர ரோட்ல நிறுத்துறதுக்கும் அரெஸ்ட் பண்றதுக்கும் நடுவுல என்னென்ன நடக்குதுன்னு சொல்லித்தர்ற வீடியோ கோர்ஸ் இது, முழுசா பாத்தாச்சு. லா படிக்கிறவங்க மட்டுமில்ல, அங்க வண்டி ஓட்டுற யார் வேணா பாக்கலாம், அவ்ளோ தெளிவா சொல்றாங்க.

முதல் பாடம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட 1968 டெரி கேஸ். கிளீவ்லாண்ட்ல ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஒரே கடைய எட்டிப் பாத்துட்டு போறத ஒரு டிடெக்டிவ் கவனிச்சு, நிறுத்தி, துணிக்கு மேல தடவிப் பாத்தா துப்பாக்கி. நியாயமான சந்தேகம் இருந்தா கொஞ்ச நேரம் நிறுத்தலாம், ஆனா அரெஸ்ட்டுக்கு அது பத்தாது, ப்ராபபிள் காஸ், அதாவது இவன்தான் குற்றம் பண்ணான்னு நம்புறதுக்கு அதவிட வலுவான காரணம் வேணும். 2000ல வந்த ரெண்டு தீர்ப்ப அடுத்தடுத்து வச்சு சொன்னது அருமை: பஸ் ஸ்டாப்ல கட்டம்போட்ட சட்டை போட்ட பையன்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு பேர் சொல்லாம எவனோ போன் பண்ணா அத மட்டும் நம்பி தடவிப் பாக்கக் கூடாது, ஆனா க்ரைம் ஜாஸ்தியான ஏரியால போலீஸ பாத்த உடனே ஓட்டம் பிடிச்சா நிறுத்தலாம்.

ஆனா கோர்ஸோட உயிரே சாட்சி பாடம்தான். ஒரு திருட்டு வீடியோ சில செகண்ட் ஓடும், அப்புறம் ஆறு போட்டோ காட்டி யாருன்னு கேப்பாங்க, நாமளும் ஒண்ண க்ளிக் பண்ணுவோம், "கரெக்ட், நாங்களும் இவரத்தான் சந்தேகப்பட்டோம்"னு ஸ்க்ரீன்ல வரும், அடுத்து எவ்ளோ உறுதியா இருக்கீங்கன்னு கேக்கும். கடைசிலதான் சொல்றாங்க, திருடன் அந்த ஆறுல இல்லவே இல்ல. ஆபீசர் வாயில இருந்து வர்ற ஒரு வார்த்தை சாட்சியோட உறுதிய எப்படி ஏத்திவிடுதுன்னு இதவிட நல்லா புரியவைக்க முடியாது. சந்தேகப்படுற ஆள் யாருன்னே தெரியாத ஆபீசர்தான் போட்டோ காட்டணும்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றது அதனாலதான்.

குறை இருக்கு. சாட்சி ஆள அடையாளம் காட்டுறத நம்பலாமான்னு பாக்க 1972 பிக்கர்ஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்ன அஞ்சு பாயின்ட்ட ஒப்பிக்கிறாங்க, அதுல சாட்சியோட உறுதியும் ஒரு அளவுகோல், இப்பதான் அந்த உறுதிய எவ்ளோ ஈசியா ஏத்தலாம்னு காட்டினாங்க, ரெண்டுக்கும் இருக்குற முரண பேசவே இல்ல. 2011ல நியூ ஜெர்சி சுப்ரீம் கோர்ட் ஹெண்டர்சன் தீர்ப்புல இதத்தான் விலாவாரியா அலசுச்சு, அது பேர் கூட வரல. அதவிட பெரிய குறை, கைவிலங்கோட போலீஸ் கார் பக்கத்துல ஒத்த ஆள நிறுத்தி "இவன்தானா?"ன்னு கேக்குற ஷோஅப்ப பேருக்கு தொட்டுட்டு போயிட்டாங்க. நேர்ல பாத்தவங்க ஒருத்தர் ஆமான்னு சொன்னா பெரும்பாலும் அரெஸ்ட்டுக்கு அதுவே போதும்ங்கிற நிலைமைல, ஒரு அப்பாவி மாட்டுற இடமே அதுதான, அதுக்கு தனி பாடமே வேணும்.

க்விஸ்ல கேஸ் பேரும் வருஷமும்தான் கேக்குறாங்க, அத விட்டுடுங்க. போட்டோ பாடத்துக்காகவே கோர்ஸ எடுக்கலாம், வீட்ல இருக்குறவங்களையும் உக்கார வச்சு பாருங்க, ஆளாளுக்கு வேற போட்டோவ காட்டுவாங்க.