பழைய லேத்துக்கு வாங்கிய 1 எச்பி மோட்டார்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு எழுதுகிறேன்

என் லேத்தின் (கடைசல் இயந்திரம்) மோட்டார் ஒரு நாள் திடீரென்று மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஸ்விட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. இந்த அறிகுறி தெரிந்தவுடன் புது மோட்டார் தேடி ஓட வேண்டாம். பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்சின் (மோட்டார் வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டிப்பது) கான்டாக்ட் கரிந்திருக்கும், இரண்டுமே சின்ன வேலைதான். (கெப்பாசிட்டரைத் தொடும் முன் அதில் தங்கியிருக்கும் சார்ஜை இறக்கிவிடுங்கள், அடித்தால் தாங்காது.) நான் இரண்டையும் பார்க்கலாம் என்றுதான் கவரைக் கழற்றினேன். ஒயர்களின் மேல் இருந்த துணி உறை விரல் பட்டவுடனே பொடிப்பொடியாக உதிர்ந்தது, மெகர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்தால் காயிலுக்கும் பாடிக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம். ரீவைண்டிங் (காயிலைப் புதிதாகச் சுற்றுவது) பண்ணலாம், ஆனால் பேரிங் உட்காரும் இடமும் தேய்ந்து ஷாஃப்ட் ஆடியது. சரி, மாற்றிவிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

முதலில் வாங்கியது தப்பான மோட்டார். விற்றவர் '1 எச்பி, சிங்கிள் ஃபேஸ், லேத்துக்கு ஏற்றது' என்று மட்டும் சொன்னார், நானும் அதை நம்பிவிட்டேன். வந்த பிறகு நேம் பிளேட்டைப் பார்த்தால் 2880 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). என் பழைய மோட்டார் 1425. அதே புல்லியில் இதைப் போட்டால் ஸ்பிண்டில் (வேலைப் பொருளைச் சுற்றும் தண்டு) இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும், புஷ் பேரிங் (குண்டு இல்லாத வெறும் உலோக வளையம்) போட்ட பழைய ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பகுதி) அதைத் தாங்காது. மோட்டார் புல்லியைப் பாதியாகக் குறைக்கலாமே என்று தோன்றும். என்னுடையது 75 மில்லிமீட்டர். ஏ செக்‌ஷன் வி பெல்ட்டுக்கு அதுவே கிட்டத்தட்ட குறைந்தபட்ச அளவு, அதில் பாதி என்றால் பெல்ட் வழுக்கும், சீக்கிரம் வெடித்தும் போகும். அதைத் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதனால் முதலில் ஆர்பிஎம்மைப் பாருங்கள், எச்பியைக் கடைசியில் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 4 போல் (நான்கு காந்த முனை) மோட்டார் 1400-லிருந்து 1450 ஆர்பிஎம் வரை ஓடும், 60 ஹெர்ட்ஸில் 1725 அல்லது அதையொட்டி. பழைய மெஷின்களில் பெரும்பாலானவை 4 போலுக்குத்தான் கட்டப்பட்டவை. பழைய நேம் பிளேட்டில் எழுத்து தெரியவில்லை என்றால் கெரசினில் நனைத்த துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், பெயின்ட் போயிருந்தாலும் பஞ்ச் பண்ணிய எண் நிழலில் தெரியும். அப்படித்தான் எனக்கு 1425 கிடைத்தது.

எச்பியிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. 1 எச்பி என்றால் ஷாஃப்டில் 746 வாட் வர வேண்டும். நேம் பிளேட்டில் 230 வோல்ட், 2.5 ஆம்பியர் என்று போட்டிருந்தால் உள்ளே போவதே அதிகபட்சம் 575 வாட்தான், அதிலிருந்து 746 எப்படி வெளியே வரும்? உண்மையான 1 எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஐந்து ஆறு ஆம்பியராவது இழுக்கும்.

இரண்டாவதாக வாங்கியதுதான் இப்போது ஓடுகிறது: 0.75 கிலோவாட், 4 போல், கெப்பாசிட்டர் ஸ்டார்ட், 80 ஃப்ரேம், கால் வைத்தது, முழுக்க மூடிய பாடி. மூடிய பாடி முக்கியம், திறந்த மோட்டாருக்குள் இரும்புத் துருவல் புகுந்தால் வைண்டிங் போச்சு. 80 ஃப்ரேம் என்றால் தரையிலிருந்து ஷாஃப்ட் நடு வரை 80 மில்லிமீட்டர், ஷாஃப்ட் 19, கீ (ஷாஃப்டில் புல்லி வழுக்காமல் பிடிக்கும் ஆப்பு) 6, போல்ட் துளைகள் 125க்கு 100. எந்தக் கம்பெனி ஃப்ரேமும் இந்த அளவில்தான் வரும், அதனால் நாளைக்கு இது போனாலும் வேறொன்றை அப்படியே உட்கார வைக்கலாம். அதற்காகவே அங்குல ஷாஃப்ட் மோட்டாரைத் தேடாமல் இதற்கு மாறினேன்.

மாறியதில் வேலை இல்லாமல் இல்லை. பழைய ஷாஃப்ட் ஐந்தெட்டு அங்குலம், அதாவது 15.88. புல்லியை 19-க்குக் குடைய வேண்டும், குடைய வேண்டிய லேத்தோ மோட்டார் இல்லாமல் நிற்கிறது! நண்பரின் லேத்தில் குடைந்து, கீ உட்காரும் பள்ளமும் (கீவே) போட்டு வாங்கினேன். புல்லியின் ஹப் கனமாக இருந்ததால் முடிந்தது, மெல்லியதாக இருந்தால் புதுப் புல்லியே வாங்கிவிடுங்கள். துளைகள் பொருந்தாததற்கு 10 மில்லிமீட்டர் தகட்டை அடியில் வைத்தேன், உயரமும் அதிலேயே சரியாகிவிட்டது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. காலின் அடியில் பெயின்ட் திட்டுத் திட்டாக இருந்து மோட்டார் லேசாக ஆடியது, சுரண்டி எடுத்த பிறகுதான் படிந்து உட்கார்ந்தது. டெர்மினல் பாக்ஸ் மூடி மட்டமான பிளாஸ்டிக். ஃபேன் கவர் மூன்றாவது மாதத்தில் கடகடத்தது, ஒரு ஸ்க்ரூவை இறுக்கியதும் நின்றது. மற்றபடி ஸ்டார்ட் ஆகும்போது தயங்கியதே இல்லை, ஒரு மணி நேரம் தொடர்ந்து கடைந்தாலும் பாடி சூடாகுமே தவிர வாடை வராது.

ரிவர்ஸ் ஸ்விட்ச் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ரிவர்ஸில் தட்டினால் இந்த வகை மோட்டார் திரும்பாது, அதே பக்கம்தான் ஓடும், ஏனென்றால் ஸ்டார்ட்டிங் காயில் அப்போது இணைப்பிலேயே இல்லை. நிறுத்தி, வேகம் குறையும்போது உள்ளே 'டக்' என்று சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச் விழும் சத்தம் கேட்டு, முழுதாக நின்ற பிறகுதான் மாற்ற வேண்டும். சக் (வேலைப் பொருளைக் கவ்விப் பிடிப்பது) மரையில் ஏறும் பழைய லேத் என்றால் ரிவர்ஸில் வெட்டவே வேண்டாம், சக் கழன்று வரும்.

த்ரீ ஃபேஸ் மோட்டாரும் விஎஃப்டியும் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போட்டால் இன்னும் மேல், வேகத்தையும் குமிழில் மாற்றலாம். சிங்கிள் ஃபேஸில் முறுக்கு விசை சீராக வருவதில்லை, 50 ஹெர்ட்ஸ் லைனில் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். அலுமினியத்தில் கடைசி வெட்டுப் போட்டு வெளிச்சத்தில் திருப்பினால் மெல்லிய வரிவரியாக அந்த அதிர்வு தெரிந்தது. மோட்டார் தகட்டுக்கு அடியில் ரப்பர் ஷீட் வைத்து, சாதா வி பெல்ட்டுக்குப் பதில் கண்ணி கண்ணியாகக் கோக்கும் லிங்க் பெல்ட் போட்டேன். இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது.