சுங்கை சிப்புட் வாடகைப் புத்தகக் கடை: 'மாட்டிக்கிட்டவங்க' அடுக்கு எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் பழைய கடைவரிசை ஒன்றின் மாடியில் இயங்கும் இந்த வாடகைப் புத்தகக் கடையில் மர்ம நாவல்களுக்கு இரண்டு அடுக்கு. துப்பறிவாளர் வந்து முடிச்சவிழ்க்கும் கதைகளெல்லாம் ஒன்றில். இன்னொன்றில் கணக்குப்பிள்ளை, டீச்சர், லோரி டிரைவர் என்று யாரோ ஒரு சாதாரண ஆள் தெரியாமல் வம்பில் போய் விழும் கதைகள். அதன் மேல் மார்க்கர் பேனாவில் 'மாட்டிக்கிட்டவங்க' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. இங்கே பேசப்போவது அந்த அடுக்கைப் பற்றி மட்டும்தான்.

முன்பணம் 20 வெள்ளி (ரிங்கிட்). மாத நாவல் ஒன்றுக்கு வாரம் 1 வெள்ளி, தடித்த நாவலுக்கு 2 வெள்ளி, தாமதமானால் நாளுக்கு 20 சென். அடையாள அட்டை நகல் கேட்பார்கள். எண்ணை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னால் மறுப்பதில்லை. விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புத்தகத்தின் நிலைமையில்தான் கவனம் வேண்டும். குடும்ப நாவலில் கடைசித் தாள் கிழிந்திருந்தால் கல்யாணம் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிடலாம். சஸ்பென்ஸ் கதையில் அந்தத் தாள் இல்லையென்றால் கொடுத்த காசு தண்டம். மாத நாவல்களில் பல, நடுவில் கம்பிப் பின் அடித்தவை. அப்படி அடித்த புத்தகத்தில் முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே காகிதம், நடுவில் மடித்தது. நம் ஊர் ஈரத்தில் பின் துருப்பிடித்து, துரு காகிதத்தை அரித்ததும் இரண்டும் சேர்ந்தே கழன்றுவிடும். ஆகவே முதல் தாளை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஆடினால் கடைசித் தாளும் ஆடுகிறது என்று அர்த்தம். முதுகில் பசை போட்டு ஒட்டிய புத்தகம் வேறு விதமாகக் கெடும். பசை காய்ந்து வெடித்து, கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். அச்சகக் கணக்கில் ஒரு பாரம் (ஒரு பெரிய காகிதத்தை மடித்து வரும் கட்டு) பெரும்பாலும் 16 பக்கம் என்பதால், கடைசிப் பக்க எண் 96, 112, 128 என்று முடிந்தால் நிம்மதி. 94-இல் நின்றால் ஒரு தாள் போயிருக்கிறது. போனது விளம்பரமா, கொலைகாரன் பெயரா என்று தெரிந்துகொள்ளக் கடைசிப் பத்தியைப் படித்தாக வேண்டும். படித்துவிட்டால் அப்புறம் வாடகைக்கு எதற்கு எடுப்பது?

இதற்குக் கடைக்காரர் வைத்திருக்கும் வழிதான் இந்தக் கடையின் பெரிய பலம். அட்டையின் உட்பக்க மூலையில் பென்சிலால் 'க.ப.உ.' என்று குறித்திருப்பார். கடைசிப் பக்கம் உண்டு என்று பொருள்.

"அண்ணே, இதுல முடிவு இருக்கா?"

"க.ப.உ. போட்டிருக்கேன்லம்மா, தைரியமா எடுத்துட்டுப் போ."

முழுக்க நம்பிவிடவும் வேண்டாம். அந்தக் குறி புத்தகம் கடைக்கு வந்த அன்று போட்டது; அதற்கப்புறம் எத்தனை பேர் கைமாறியதோ. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னால் அவரே கடைசி இரண்டு தாளைப் புரட்டிப் பார்த்துச் சொல்வார். பாதிக் கதையில் ஓரத்தில் "சித்தப்பாதான்" என்று பேனாவால் எழுதிவிட்டுப் போகும் புண்ணியவான்களும் இந்த ஊரில் உண்டு. அதன்மேல் வெள்ளை மை பூசியிருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும், பிடிக்காதீர்கள்.

சரி, எதை எடுப்பது? அட்டைப் படமும் பின்னட்டை வாசகமும் உதவாது. எல்லாவற்றிலும் ரத்தம், எல்லாவற்றிலும் ஒரு பெண்ணின் கண். முதல் இருபது பக்கத்தை நின்றபடியே புரட்டி இரண்டு விஷயம் பாருங்கள். மாட்டிக்கொண்டவனுக்கு என்ன வேலை? அவன் ஏன் போலீஸுக்குப் போகவில்லை?

வேலை முக்கியம். ஏனென்றால் இந்த வகையில் நல்ல கதைகளில் ஆளைச் சிக்கவைப்பதும் காப்பாற்றுவதும் அவன் தொழில்தான். செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி (குமாஸ்தா) ஒருவன் இருக்கிறான் என்று வையுங்கள். குலையைக் கொட்டிவிட்டுத் திரும்பும் லோரியின் வெற்று எடை வழக்கத்தைவிட நூறு கிலோ கூடுதலாகக் காட்டுகிறது. வேறு யார் கண்ணிலும் படாது. அவன் கண்ணில் படும். அதைக் கேட்ட குற்றத்துக்கு அவன் ஓட வேண்டியிருக்கிறது, தப்பிக்கவும் அந்த எடைச் சீட்டுகள்தான் கைகொடுக்கின்றன. இப்படி அமைந்தால் கதை நிற்கும். நாலாம் அத்தியாயம் வரை கணக்கெழுதியவன் ஐந்தாம் அத்தியாயத்தில் துப்பாக்கியை ராணுவக்காரன் மாதிரி கழற்றி மாட்டினால் தாராளமாக மூடி வைத்துவிடலாம். அடுக்கில் பாதி இப்படித்தான்.

போலீஸ் விஷயத்தில் இன்னும் மோசம். ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, இன்ஸ்பெக்டர் வில்லனுக்கு மச்சான் என்கிற இரண்டு சாக்கை வைத்தே பலர் காலத்தை ஓட்டுகிறார்கள். உருப்படியான காரணம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க, அடுக்கின் கீழ்த்தட்டில் ஆங்கிலப் புத்தகங்களோடு கிடக்கும் எரிக் ஆம்ப்ளரின் 'எபிடாஃப் ஃபார் எ ஸ்பை' நாவலை எடுங்கள். 1938-இல் வந்தது. தென்பிரான்ஸில் ஓட்டலில் தங்கியிருக்கும் ஒரு மொழி ஆசிரியன் ஃபிலிமைக் கழுவக் கொடுக்கிறான். அதில் அவன் எடுக்காத கடற்படை அரண்களின் படங்கள். கேமரா மாறிப்போயிருக்கிறது. அவன் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை, நாடு கடத்தினால் போக இடமில்லை. போலீஸே அந்தப் பயத்தை வைத்து அவனை உளவாளியைத் தேட வைக்கிறது. குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டத்தில் காலம் தள்ளிய பெரியவர்களைப் பார்த்த நமக்கு இது விளக்கம் இல்லாமலே புரியும். அப்படி ஒரு சிவப்பு அட்டைக்காரரை நடுவில் வைத்து எழுதிய தமிழ் சஸ்பென்ஸ் நாவல் ஒன்றுகூட இந்த அடுக்கில் இல்லை.

மலேசியாவைக் களமாக வைத்துச் சென்னையில் எழுதப்பட்டவை ஏழெட்டு இருக்கின்றன. எச்சரிக்கையோடு எடுங்கள். ஒன்றில் கதாநாயகன் உச்சி வெயிலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருக்கும்போது கொலையைப் பார்க்கிறான். விடிவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குள் போகிறார்கள். அந்த இருட்டை விட்டுவிட்டு மத்தியானத்தைப் பிடித்த எழுத்தாளரை என்ன சொல்வது? கொலையைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

பையில் யாரோ பொட்டலம் வைத்துவிடும் கதைகளும் இதில் அடக்கம். இங்கே அந்தப் பயம் நிஜம். 1952-ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டப்படி 15 கிராம் ஹெராயின் கையில் இருந்தாலே கடத்தல் என்று அனுமானிக்கப்படும், இல்லை என்று காட்டுவது மாட்டியவன் பொறுப்பு. பழைய நாவல்களில் தூக்கு நிச்சயம் என்று வருவது அந்தக் காலத்துக்குச் சரி. கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில்தான் நீக்கப்பட்டது. மூன்று கிராம் கையில் இருந்ததற்கே தூக்கு என்று எழுதியிருந்தால் எழுதியவர் விசாரிக்கவே இல்லை.

அடுக்கில் பெரிய ஓட்டை எதுவென்றால், இந்த ஊரே. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு, அவசரகாலம் தொடங்கி, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு அரிசி போகக்கூடாது என்று வேலைக்குப் போகிறவர்களை வேலி வாசலில் சோதனை போட்ட காலம். மடியில் ஒரு பிடி அரிசி இருந்தால் இந்தப் பக்கம் ஜெயில். கொண்டுவராவிட்டால் அந்தப் பக்கம் துப்பாக்கி. ஒரு பால்வெட்டுக்காரப் பெண்ணை அந்த வேலியருகே நிறுத்தினால் இருநூறு பக்கம் தானாக ஓடும். கடைக்காரரிடம் கேட்டால் வரலாற்று அடுக்கைக் காட்டுகிறார். அங்கே இருப்பவை கட்டுரைகள்.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் உங்கள் புத்தகங்களோடு சேர்த்து வைக்காதீர்கள், இராமபாணப் பூச்சி தொற்றும். சொந்தமாக வாங்கிவிட்டால் (பழைய மாத நாவல் 3 வெள்ளி) காற்றுப் புகாத பையில் போட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. குளிர் போகுமுன் திறந்தால் காகிதத்தில் நீர் கோத்துக்கொள்ளும். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைத்தால் இன்னும் பல வருஷம் வரும்.

திங்கள் விடுமுறை, மற்ற நாள் காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஈப்போ, கோலாலம்பூரிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் இந்த அடுக்கைத்தான் முதலில் காலி செய்கிறார்கள். அந்தச் சமயம் ஃபோனில் சொல்லிவைத்தால் இரண்டு புத்தகம் வரை எடுத்து வைப்பார், மூன்றாவது கேட்டால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார்.