நேரோபோட் வாங்கப்போகிறீர்களா? முதலில் அதை எங்கே கட்டி நிறுத்துவீர்கள்?

இங்கிலாந்தில் வீட்டு வாடகை ஏற ஏற, நேரோபோட் எனும் ஒடுக்கமான கால்வாய்ப் படகிலேயே குடியேறிவிட்டால் என்ன என்று யோசிப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். யோசிக்கிறவர்கள் எல்லோரும் படகிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எத்தனை அடி நீளம், ஒடுக்கமா அகலமா, புதுசா பழசா, உள்ளே ஓக் பலகையா பைன் பலகையா என்று மாதக்கணக்கில் விளம்பரம் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அதெல்லாம் இரண்டாம் கட்டம். படகு எங்கே நிற்கப்போகிறது என்று முடிவாகிவிட்டால் நீளம், அகலம், கழிப்பறை, கணப்பு எல்லாம் ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். அதனால் முதல் ஒப்பீடு படகுகளுக்கு இடையே இல்லை, இடங்களுக்கு இடையே.

நிரந்தர இடமா, நகர்ந்துகொண்டே இருப்பதா

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளை கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. அதற்கு முன் அவை பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு அமைப்பிடம் இருந்தன, 2012-இல் கைமாறின. டிரஸ்ட் உரிமம் கொடுக்க மூன்று விஷயங்களைக் கேட்கும்: காப்பீடு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ், அப்புறம் படகைக் கட்டிவைக்க ஒரு நிரந்தர மூரிங். மூரிங் இல்லாதவருக்கும் உரிமம் உண்டு. ஆனால் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் உண்மையாகவே பயணத்தில் இருக்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. இப்படி வாழ்பவர்களைத்தான் கன்டினியூவஸ் க்ரூஸர் என்கிறார்கள்.

மூரிங் வாடகை கிடையாது என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. லண்டனில் ஒரு நல்ல மூரிங்குக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் போவது சகஜம் என்னும்போது கவர்ச்சி புரிகிறது. ஆனால் ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்கு நகர்ந்துவிட்டுத் திரும்பி வருவது பயணம் ஆகாது. சட்டத்தில் மைல் கணக்கு எதுவும் இல்லைதான். இருந்தாலும் வருடம் முழுக்க பதினைந்து, இருபது மைலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் டிரஸ்டிலிருந்து கடிதம் வரும். படகின் எண்ணைக் குறித்துக்கொண்டு போகவே கரையில் ஆள் வருகிறார்கள். தவிர, 2024 ஏப்ரலிலிருந்து நிரந்தர மூரிங் இல்லாத படகுகளுக்கு உரிமக் கட்டணத்தில் 5 சதவீதம் கூடுதல். அது வருடா வருடம் ஏறி 2028-இல் 25 சதவீதம் ஆகும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆக, இது இலவசமும் இல்லை.

பணத்தைவிட நாள் ஒழுங்குதான் இதில் பெரிய செலவு. கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதற்கும் கீழே, எஞ்சின் முனகும் அளவுக்குத்தான் போக வேண்டும். நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிக்கு லாக் என்று பெயர்; ஒவ்வொரு லாக்கும் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். டிவைஸஸ் ஊரில் கேன் ஹில் ஏற்றத்தில் 29 லாக். அதற்கு ஒரு நாள் போய்விடும். சனி, ஞாயிறு மட்டும்தான் ஓய்வு என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை படகை நகர்த்தவே போகும், மழையோ பனியோ. நவம்பர் முதல் மார்ச் வரை பழுதுபார்ப்புக்காக லாக்குகளை மாற்றி மாற்றி மூடுவார்கள். கோடையும் நம்பிக்கைக்குரியது இல்லை. 2025 வறட்சியில் லீட்ஸ் – லிவர்பூல் கால்வாயில் நீண்ட தூரம் போக்குவரத்தையே நிறுத்திவைத்தார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளை இருக்கிறது, வேலைக்குக் குறிப்பிட்ட ரயில் நிலையத்துக்குப் போயாக வேண்டும் என்கிற குடும்பத்துக்கு இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன்.

எதிர்ப்பக்கம் மரீனா. அதாவது கால்வாயை ஒட்டி வெட்டிய குளத்தில் வரிசையாகப் படகுகளை நிறுத்தும் தனியார் படகுத்துறை. கரை மின்சாரம், குழாய்த் தண்ணீர், துணி துவைக்கும் அறை, கார் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பெரும்பாலான மரீனாக்களில் கொடுப்பது பொழுதுபோக்கு மூரிங்தான். அங்கே படகை வைக்கலாம், வருடம் முழுக்கக் குடியிருக்க முடியாது. குடியிருக்கலாம் என்று திட்ட அனுமதி பெற்ற மூரிங்குகள் குறைவு, காத்திருப்போர் பட்டியல் நீளம், உள்ளூர் கவுன்சில் வரியும் சேர்ந்துவிடும். ‘கண்டுகொள்ள மாட்டார்கள்’ என்று யாராவது சொன்னால், கண்டுகொள்ளும் நாளில் எங்கே போவீர்கள் என்பதையும் அவரிடமே கேளுங்கள். மூரிங் ஒப்பந்தம் பொதுவாக வருடக் கணக்கில்தான் இருக்கும். வீட்டு வாடகைதாரருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது வழி இருக்கிறது. அதிகம் பேசப்படாதது, எனக்குப் பிடித்தது. ஒரு விவசாயியின் வயலோரம், கால்வாய்க் கரையிலேயே ஒரு மூரிங். மின்சாரம் இருக்காது, தண்ணீர்க் குழாய் அரை மைலில் இருக்கும், மழைக்காலத்தில் கணுக்கால் வரை சேறு. ஆனால் வாடகை மரீனாவைவிட நன்றாகவே குறைவு, 14 நாள் கெடு கழுத்தைப் பிடிக்காது, கோடையில் இஷ்டப்படி கிளம்பிப் போகலாம். குடியிருப்பு அனுமதிப் பிரச்சினை இங்கேயும் உண்டு என்பதால், வருடத்தில் பாதி நாள் படகிலும் மீதி நாள் கரையிலும் வாழ்பவருக்கே இது சரியாகப் பொருந்தும்.

ஒடுக்கமா அகலமா

நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். அது அழகுக்காக வைத்த அளவு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி டிரென்ட் – மெர்சி கால்வாய்க்கு ஏழடி அகல லாக்குகளைத் திட்டமிட்டார். சின்ன லாக் என்றால் செலவும் குறைவு, ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கும் தண்ணீரும் குறைவு. மத்திய இங்கிலாந்தின் பல கால்வாய்கள் அதே அளவைப் பின்பற்றின. இன்றைக்கும் அந்த ஏழடிதான் உங்கள் சமையலறையின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. சுவர், வெப்பக்காப்பு, பலகை எல்லாம் போக உள்ளே ஆறடி சொச்சம். குளியலறையைத் தாண்டிப் போகும் இடைகழியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும்.

வைட்பீம் படகு பத்து அடி, பன்னிரண்டு அடி அகலம் வரும். சோபா போடலாம், கட்டிலைச் சுற்றி நடக்கலாம். விளம்பரப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அது போகக்கூடிய கால்வாய்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. தெற்கே கென்னட் – ஏவன், லண்டன் பக்கத்து கிராண்ட் யூனியன். வடக்கே லீட்ஸ் – லிவர்பூல் போன்றவை. நடுவே ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய், ஸ்டாஃபர்ட்ஷயர் – வூஸ்டர்ஷயர், லாங்கோலன், பர்மிங்காம் கால்வாய்கள் எல்லாம் ஏழடி லாக். தெற்கிலிருந்து வடக்கே போக வேண்டுமானால் கிரேன் வைத்துத் தூக்கி லாரியில் ஏற்ற வேண்டியதுதான். கிராண்ட் யூனியனிலேயே பிலிஸ்வர்த் சுரங்கத்துக்குள் நுழைய முன்பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் எதிரே வருபவருக்கு வழி இருக்காது. உரிமக் கட்டணமும் அகலத்துக்காக ஏறும்.

நகரவே போவதில்லை, கென்னட் – ஏவனிலோ லண்டனுக்கு அருகிலோ குடியிருப்பு மூரிங் கையில் இருக்கிறது என்றால் வைட்பீம் வாங்குங்கள். மற்ற எல்லோருக்கும் நேரோபோட்தான். லாங்கோலன் கால்வாயில் 1805-இல் திறந்த பொண்ட்கிசில்டே மேம்பாலத்தில், ஆற்றுக்கு 38 மீட்டர் மேலே, ஒரு பக்கம் தடுப்பே இல்லாத இரும்புத் தொட்டியில் படகு ஓட்டிப் போவதை ஒரு சோபாவுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

நீளத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 70 அடிப் படகில் தாராளம் உண்டு, ஆனால் வடக்கே சில லாக்குகள் அதைவிடக் குட்டை. கால்டர் – ஹெபிள் நீர்வழிப் பக்கம் 57 அடிதான் பாதுகாப்பான அளவு. மூரிங் வாடகையும் நீளத்தை வைத்துத்தான் போடுகிறார்கள். 57 அடி வாங்குங்கள். விற்கும்போதும் அதற்குத்தான் ஆள் வரும்.

யாரும் படம் போடாத அறை

படகுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் கால் மணி நேரத்தில் பேச்சு கழிப்பறைக்கு வந்துவிடும். பம்ப்-அவுட் என்றால் படகுக்குள் பெரிய தொட்டி, பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில். வீட்டுக் கழிப்பறை போலவே இருக்கும், வாரக்கணக்கில் மறந்துவிடலாம். நிரம்பியதும் உறிஞ்சும் இயந்திரம் உள்ள இடத்துக்குப் படகையே ஓட்டிப் போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் காசு. கேசட் என்றால் சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி, இருபது லிட்டர் பிடிக்கும். இரண்டு பேருக்கு மூன்று நாள் தாங்கும். அதை வெளியே இழுத்து, தள்ளுவண்டியில் வைத்து, கரைப் பாதையில் எதிரே நாயோடு வருபவருக்கு ‘குட் மார்னிங்’ சொல்லிக்கொண்டே கழிவைக் கொட்டும் எல்சன் அறைக்கு உருட்டிப் போக வேண்டும். மூடியைத் திறந்து, காற்று புகும் பொத்தானை அமுக்கிக்கொண்டு மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். பொத்தானை அமுக்காவிட்டால் குபுக் குபுக்கென்று துள்ளி மேலே தெறிக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் ஓட்டு கேசட்டுக்குத்தான். ஜனவரியில் கால்வாய் உறைந்துபோனால் படகு நகராது. அப்போது பம்ப்-அவுட் தொட்டி நிரம்பினால் கதை முடிந்தது; கேசட் வைத்திருப்பவர் இன்னொரு காலிப் பெட்டியை மாட்டிவிட்டு நடந்தே போய்விடுவார். மரீனாவிலேயே உறிஞ்சும் வசதியோடு இருப்பவருக்கு மட்டும் பம்ப்-அவுட் வசதி. மட்கும் கழிப்பறையைப் பலர் புகழ்கிறார்கள். ஆனால் அந்தக் கழிவைப் பையில் கட்டி டிரஸ்டின் குப்பைத் தொட்டியில் போடுவதை 2021 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். முழுசாக மட்கவைக்க உங்களுக்குக் கரையில் இடம் இருந்தால் பார்க்கலாம்.

கணப்பும் பின்தளமும்

திட எரிபொருள் அடுப்புக்கு மின்சாரம் வேண்டாம், பழுதாக எதுவும் இல்லை, படகின் ஈரத்தை அது போல வேறெதுவும் உலர்த்தாது. புகையில்லா நிலக்கரியை மூட்டையாகக் கூரைமேல் அடுக்கிவைத்துக்கொண்டால் போதும். எரிபொருள் விற்கும் படகுகளே நிலக்கரி, டீசல், கேஸ் சிலிண்டர் என்று ஏற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் அணைத்து நிறுத்தி இறக்கிக் கொடுக்கும். குறை என்னவென்றால் சாம்பல், தூசு, அப்புறம் முன்னறையில் வியர்த்துக் கொட்டும்போது பின்னால் படுக்கையறை சில்லென்று இருக்கும். டீசல் கணப்பில் ரேடியேட்டர் வழியாகச் சூடு சீராகப் பரவும், பொத்தானைத் தட்டினால் போதும். ஆனால் அதற்கு பேட்டரி வேண்டும், டிசம்பரில் சூரியத் தகடு தருவது வெறும் துளி. கரை மின்சாரம் உள்ளவர் டீசலை நம்பலாம். மற்றவர் அடுப்பை நம்பி, டீசலைத் துணைக்கு வைத்துக்கொள்ளட்டும். எதை வைத்தாலும் கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பாதுகாப்புச் சான்றிதழுக்கு 2019-லிருந்து அது வேண்டும்.

நின்று படகை ஓட்டும் பின்தளத்தில் மூன்று வகை. டிராட் என்றால் உள்ளே நின்றுகொண்டே ஓட்டலாம், மழைக்காலத்தில் இடுப்புக்குக் கீழே கதகதப்பு, வீட்டு இடமும் அதிகம். க்ரூஸர் என்றால் நாலு பேர் நின்று பேசிக்கொண்டே போகலாம், குளிரில் எல்லோரும் சேர்ந்து நடுங்கலாம். செமி-டிராட் இரண்டுக்கும் நடுவே. குடியிருக்க டிராட், விடுமுறைக்கு க்ரூஸர்.

புதுசா பழசா

புதுப் படகு என்றால் லட்சம் பவுண்டைத் தாண்டும், கட்டி முடிக்கும் வரை தவணை தவணையாகக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், கட்டுபவர் நொடித்துப்போனால் சிக்கல். படகோடு நிலம் வராததால் வீட்டைப் போல விலை ஏறும் என்ற கணக்கும் செல்லாது. பதினைந்து, இருபது வருடப் பழைய படகை நான் தேர்ந்தெடுப்பேன், ஒரு நிபந்தனையோடு: தண்ணீரிலிருந்து தூக்கி, தனிச் சர்வேயர் பார்த்திருக்க வேண்டும். பொதுவாக அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத் தகடு 6 மில்லிமீட்டர் வைத்துக் கட்டுவார்கள். சர்வேயர் சுரண்டி, சுத்தியால் தட்டி, மீயொலிக் கருவியால் அளந்து சொல்வார். தகடு 4 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் தயங்கும். மேல்தகடு போட்டுப் பற்றவைக்கும் செலவு உங்கள் தலையில் விழும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடிப்பாகத்துக்குக் கருப்பு பிட்யூமன் பூசியிருக்கிறார்களா என்று ரசீது கேளுங்கள். ரசீதைக் காட்டத் தயங்குகிறவர் பளபளக்கும் சமையலறையைக் காட்டுவார்.

விடுமுறைக்கு மட்டும் வேண்டும் என்றால் முழுப் படகு வாங்காதீர்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு படகு வைத்துக்கொள்ளும் பங்கு முறை இருக்கிறது. வருடத்துக்குச் சில வாரம் கிடைக்கும், பராமரிப்பும் பங்காகும்.

கடைசியாக ஒன்று. ‘மூரிங்கோடு விற்பனைக்கு’ என்று விளம்பரத்தில் பார்த்தால் உடனே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மூரிங் படகோடு ஒட்டிவந்தது இல்லை. அதை மாற்றிக் கொடுக்கும் உரிமை இடத்துக்காரருடையது. அவரிடம் நேரில் போய், உங்கள் பெயரில், குடியிருக்கலாமா கூடாதா என்பதோடு எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.