தடுமாறும் ஹார்டு டிஸ்க்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

கோப்புகளைத் திறக்கும்போது உறைந்து நிற்கிற, அவ்வப்போது 'டக் டக்' என்று ஒலி எழுப்புகிற ஹார்டு டிஸ்க்கை என்ன செய்வது என்று கேட்டால், கணினிக் கடைகளில் இரண்டு விடைகள் கிடைக்கும். பேட் செக்டரை, அதாவது டிஸ்க்கில் படிக்க முடியாமல் போன சிறு பகுதியைச் சரிசெய்து தருகிறோம், இன்னும் கொஞ்ச காலம் ஓடும் என்பது ஒன்று. கழற்றிவிட்டு, சுழலும் தட்டுகள் இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள் என்பது மற்றொன்று. எங்கள் வீட்டு மடிக்கணினியில் இருந்த 1 டிபி, 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) டிஸ்க் தடுமாறத் தொடங்கியபோது இரண்டையும் எடைபோட்டு, மாற்றுவதைத் தேர்ந்தேன். எனவே இந்த அலசலில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பழுதுபார்ப்பதுதான் சரி என்று சொல்லத்தக்க நிலைமைகளும் உண்டு. அவற்றையும் அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

முடிவெடுப்பதற்கு முன், கெட்டிருப்பது டிஸ்க்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதம் என்று தெரிவது மட்டும் சான்றாகாது. நல்ல நிலையில் உள்ள 5400 ஆர்பிஎம் டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓடினாலும் அடிக்கடி அப்படித்தான் காட்டும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' பதிவுகளைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். அதில் 199ஆம் வரிசை, அதாவது சி7 என்று காட்டப்படுவது, மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் குற்றம் பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளிலோ இணைப்பு முனையிலோதான் இருக்கும். மேசைக்கணினியாக இருந்தால் ஒரு புதுக் கேபிளோடு செலவு முடிந்தது. ஏற்கெனவே ஏறிய எண் குறையாது. மேலும் ஏறாமல் நின்றால் போதும்.

கவலைக்குரியவை 5, 197, 198 ஆகிய வரிசைகள். பின்னிரண்டும் சி5, சி6 என்று தெரியும். 5 என்பது கெட்டுப்போன செக்டருக்குப் பதிலாக டிஸ்க் தன் உதிரி இடத்தை ஒதுக்கிக்கொண்ட எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் போய், இன்னும் தீர்ப்புச் சொல்லப்படாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. 198 என்பது டிஸ்க் தானாகச் சோதித்தபோது திருத்த முடியாதவை என்று கண்டவை. இந்த எண்கள் பூச்சியத்தைத் தாண்டுவது எவ்வளவு பெரிய செய்தி என்பதை, கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்த அந்த ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை (பரப்பைச் சோதிக்கும்போது காணும் பிழை) தோன்றிய டிஸ்க், அத்தகைய பிழை இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்றும், முதல் செக்டர் மாற்றத்துக்குப் பின் அது 14 மடங்குக்கும் மேல் என்றும் கண்டறிந்தார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போய்விட்டன. எச்சரிக்கை வந்தால் நம்பலாம். வராததை நம்பி இருந்துவிட முடியாது.

பழுதுபார்ப்பது என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, மென்பொருளால் செய்வது. விண்டோசின் செக்டிஸ்க், படிக்க முடியாத பகுதிகளைக் கண்டுபிடித்து, இனி அங்கே எதையும் எழுதாதே என்று கோப்பமைப்பில் குறித்துவைக்கிறது. முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுவதும் பூச்சியங்களை எழுதுகிறது. அப்போது காத்திருக்கும் செக்டர்களில் எழுத முடிந்தவை மீண்டும் பயன்பாட்டுக்கு வரும், முடியாதவற்றுக்கு உதிரி இடம் ஒதுக்கப்படும். கடைகளில் 'பேட் செக்டர் நீக்கம்' என்று செய்யப்படுவது பெரும்பாலும் இதுவே. கிழிந்த பக்கங்களைத் தாண்டிப் படிக்கவும் என்று புத்தகத்தின் முன்னட்டையில் எழுதிவைப்பது போன்றது இது: பக்கங்கள் ஒட்டப்படவில்லை, கிழிவதற்கான காரணமும் அப்படியே இருக்கிறது.

இதற்கு ஒரு நியாயமான விலக்கு உண்டு. யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில், எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டால், அந்தச் செக்டரின் தரவும் அதற்குரிய திருத்தக் குறியீடும் பொருந்தாமல் போய், உலோகப் பரப்பில் எந்தக் கேடும் இல்லாமலே அது படிக்க முடியாததாகிவிடலாம். அவ்வகையில் தோன்றிய ஓரிரு செக்டர்கள், முழு ஃபார்மட்டுக்குப் பின் 197 பூச்சியத்துக்குத் திரும்பி, 5ஆம் வரிசையும் உயராமல் இருந்தால், அந்த டிஸ்க் பல காலம் நன்றாகவே ஓடக்கூடும். ஆனால் மின்வெட்டால் வந்ததா, தேய்மானத்தால் வந்ததா என்பதைப் பின்னர் வரும் வாரங்கள்தான் சொல்லும்.

இரண்டாவது, மின்சுற்றுப் பலகையையும், டிஸ்க்கை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரையும் சரிசெய்வது. பழுதுபார்ப்பு என்ற சொல்லுக்கு உண்மையாகவே தகுதியான வேலை இதுதான் என்பேன். மின்னழுத்தம் எகிறும்போது பலகையில் உள்ள காப்பு டையோடு தன்னைப் பலிகொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றியிருக்கும். அதை அகற்றினாலே டிஸ்க் மீண்டும் சுழலத் தொடங்குவது உண்டு. சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 டிஸ்க்குகள் சில, 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஃபர்ம்வேர் கோளாறால் கணினிக்கே தென்படாமல் போனபோது, உள்ளே தரவு முழுமையாக இருந்தது. கோளாறைத் திருத்தியதும் டிஸ்க் பழையபடி வேலை செய்தது. பலகையே எரிந்துவிட்டால் சென்னை ரிச்சி தெரு போன்ற இடத்தில் அதே மாடல் பலகையைத் தேடிப்பிடித்து மாற்றிவிடலாம் என்பது பழைய டிஸ்க்குகளுக்குப் பொருந்தியது. இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றின் தலைகளுக்கும் (தரவைப் படித்து எழுதும் முனைகள்) தட்டுகளுக்கும் (தரவு பதியும் வட்டுகள்) உரிய தனி அளவீடுகள் பலகையில் உள்ள ஒரு சிறு நினைவகச் சில்லில் இருப்பதால், அந்தச் சில்லையும் பெயர்த்துப் புதுப் பலகையில் பற்றவைக்க வேண்டும். அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை.

மூன்றாவது, டிஸ்க்கைத் திறந்து படிக்கும் தலைகளை மாற்றுவது. தட்டுக்கும் தலைக்கும் இடையில் உள்ள தூரம் சில நானோமீட்டர்கள்தான் என்பதால் இதைத் தூசியற்ற அறையில்தான் செய்ய முடியும். கட்டணமும் புது டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு வரும். இந்த வகையில் என் சொந்த அனுபவம் ஏதுமில்லை. ஆனால் இதன் நோக்கம் தரவை வெளியே எடுப்பது மட்டுமே என்பதையும், எடுத்து முடித்தபின் அந்த டிஸ்க்கை யாரும் அன்றாடப் பயன்பாட்டுக்குத் திருப்பித் தருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது விலையோ வேகமோ அன்று. பழுதுபார்த்தபின் அந்த டிஸ்க்கோடு எப்படிக் காலம் தள்ளுவது என்ற கேள்விதான். மென்பொருளால் பழுதுபார்க்கும் எந்த முறையும் டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் ஓடவைக்கிறது. தலை ஏற்கெனவே தளர்ந்திருந்தால், அந்த ஓட்டத்திலேயே அது முற்றிலும் போய்விடலாம். செக்டிஸ்க் தரவைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டதன்று. கோப்பமைப்பை முரணில்லாமல் ஆக்குவதே அதன் வேலை, அதற்காக உடைந்த கோப்புகளைத் துண்டித்துவிடவும் தயங்காது. எனவே பழுதுபார்க்கத் தொடங்குமுன் உள்ளிருப்பவற்றை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்தாக வேண்டும். அந்த வேறொரு டிஸ்க் கையில் இல்லாதவர் வாங்கியாக வேண்டும். வாங்கிவிட்டால், பழுதுபார்ப்பதால் மிச்சமாகும் என்று நினைத்த பணம் அங்கேயே செலவாகிவிடுகிறது! அதன் பிறகும் புது டிஸ்க்கை அலமாரியில் வைத்துவிட்டு, பழைய டிஸ்க்கைக் கணினிக்குள் ஓடவிடுவதில் பொருளில்லை.

செலவு ஒருபுறம் இருக்க, பராமரிப்பைப் பார்ப்போம். நல்ல டிஸ்க்குக்கு வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்தால் போதும் என்று இருப்பவர், சரிசெய்த டிஸ்க்குக்கு நாள்தோறும் எடுக்க வேண்டும். ஸ்மார்ட் எண்களை அவ்வப்போது திறந்து, சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் ஒப்பிட வேண்டும். வீட்டில் வேறு யாராவது அதைப் பயன்படுத்தினால், உறைந்து நின்றால் மீண்டும் மீண்டும் ஆன் செய்யாதீர்கள் என்று அவர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும். இவற்றைவிடத் தொல்லையானது சத்தமில்லாத இழப்பு. ஒரு புகைப்படக் கோப்பின் நடுவில் உள்ள செக்டர் போய்விட்டால், கோப்பின் பெயரும் அளவும் அப்படியே இருக்கும், கோப்புறையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். திறந்தால்தான் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம் தெரியும். அந்த ஊனமான கோப்பு அடுத்த பேக்கப்பில் நல்ல பிரதியின் மேலேயே பதிந்துவிட்டால், இரண்டு இடத்திலும் போயிற்று. பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கும் பேக்கப் முறை இருந்தால் இதிலிருந்து தப்பலாம். அத்தகைய ஒழுங்கு உடையவர் சரிசெய்த டிஸ்க்கை ஓட்டலாம்தான். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, பெரும்பாலான வீடுகளிலும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

மாற்றுவது என்று முடிவான பின், மடிக்கணினிக்கு எஸ்எஸ்டிதான் என்பதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 5400 ஆர்பிஎம் டிஸ்க்கில் தேவையான இடம் தலைக்கடியில் சுழன்று வருவதற்கே சராசரியாக 5.5 மில்லிநொடி ஆகிறது. தலை நகரும் நேரம் தனி. எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பு ஏறத்தாழ 0.1 மில்லிநொடி. எழுத எழுதத் தேயுமே என்ற அச்சம் வீட்டுப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி வகைக்கு 300 டெராபைட் எழுத்து அல்லது 5 ஆண்டு என்று வாரண்டி தருகிறார்கள். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினால் அந்த 300 டெராபைட் முடிய 40 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும்.

ஆனால் எஸ்எஸ்டிக்கும் குறைகள் உண்டு. ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் முனகி, ஒலியெழுப்பி, வேகம் குறைந்து எச்சரித்துவிட்டுப் போகும்; எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சில்லு போனால் முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் காணாமல் போய்விடும். அழித்த கோப்பின் இடத்தை எஸ்எஸ்டி காலிசெய்துவிட உதவும் டிரிம் வசதி இயங்குவதால், தவறுதலாக அழித்த கோப்பை மீட்பதும் மிகக் கடினம். திருமணக் காணொளிகளை டெராபைட் கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரர் போன்றவர்களுக்கு, அதே கொள்ளளவில் எஸ்எஸ்டி வாங்குவது கட்டுபடியாகாது. அவர்கள் மேசைக்கணினிக்கு 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்கையே மீண்டும் வாங்கலாம். ஆனால் தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியவைக்கும் எஸ்எம்ஆர் வகையா, அப்படிப் படியவைக்காத சிஎம்ஆர் வகையா என்று விவரத்தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ்எம்ஆர் வகையில் பெரிய அளவில் திருத்தி எழுதும்போது வேகம் வெகுவாகச் சரியும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசை டிஸ்க்குகள் சிலவற்றில் எஸ்எம்ஆர் இருப்பது 2020ஆம் ஆண்டில் பெரும் சர்ச்சையானது.

மாற்றும் வேலையில் ஒரு எச்சரிக்கை. தடுமாறும் டிஸ்க்கை அப்படியே க்ளோன் செய்ய (முழுவதையும் நகலெடுக்க) முயன்றால், மோசமான பகுதியிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். முதலில் முக்கியமான கோப்புறைகளை நகலெடுப்பது நல்லது. அது நடக்கவில்லை என்றால், லினக்சில் இயங்கும் டிடி ரெஸ்க்யூ என்ற மென்பொருள் உதவும்; நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்டவற்றைக் குறித்துவைத்து, பின்னர் திரும்பி வந்து முயலும், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். விண்டோசைப் புதிதாகவே நிறுவிக்கொள்ளலாம். டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு பிணைந்திருந்தால் டிஸ்க் மாறினாலும் அது செல்லும். தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் விண்டோசின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், 48 இலக்க மீட்புச் சாவியை டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளவும்.

வேறெங்கும் பிரதியில்லாத தரவு உள்ளே இருந்து, டிஸ்க்கும் கணினிக்குத் தென்படாமல் போய்விட்டால், அப்போது பழுதுபார்ப்பதே வழி; அங்கே நான் மறுபக்கம் சாய்வேன். அந்நிலையில் வீட்டில் எதையும் முயலாமல், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுப்பதே சரி. குளிர்பெட்டியில் வைத்தெடுக்கும் வைத்தியம் உள்ளே ஈரத்தைப் படியவைக்கும். வெளி டிஸ்க்காக இருந்தால் உறையைப் பிரிப்பதற்கு முன்னும் யோசிக்க வேண்டும்: வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வகைகள் பலவற்றில் யூஎஸ்பி முனை பலகையோடே சேர்ந்திருக்கிறது, மறையாக்கமும் அங்கேயே நடக்கிறது. வாரண்டிக் காலம் மிச்சமிருந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் வாரண்டியில் வருவது மாற்று டிஸ்க் மட்டுமே, உள்ளிருந்தவை வாரா.

கழற்றிய டிஸ்க்கை மறுவிற்பனை செய்யும் எண்ணம் வேண்டாம். பேட் செக்டர் உள்ள டிஸ்க்குக்கு விலையும் வராது. மென்பொருளால் பூச்சியம் எழுதி அழித்தாலும், ஏற்கெனவே ஒதுக்கிவைக்கப்பட்ட செக்டர்களில் பழைய தரவின் துணுக்குகள் எஞ்சியிருக்கக்கூடும். மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதற்கு முன் தட்டுகளைச் சேதப்படுத்திவிடலாம். மடிக்கணினி டிஸ்க்குகளின் தட்டுகள் பெரும்பாலும் கண்ணாடியால் ஆனவை, அடித்தால் தூள்தூளாகச் சிதறும். ஆகவே டிஸ்க்கைத் தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு சுத்தியலை எடுக்கவும்.