ஆண்டர்சன் ப்ரூஃபோர்ட் வேக்மன் ஹவ் (1989): பெயர் இல்லாத யெஸ் ஆல்பம்

1989 ஜூனில் அரிஸ்டா நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பத்துக்குத் தனியாக ஒரு தலைப்புக் கிடையாது. உறையில் இருப்பது நான்கு பெயர்கள்: ஜான் ஆண்டர்சன் (குரல்), பில் ப்ரூஃபோர்ட் (டிரம்ஸ்), ரிக் வேக்மன் (கீபோர்டு), ஸ்டீவ் ஹவ் (கிட்டார்). இந்த நால்வரும் முன்பு வாசித்த பிரிட்டிஷ் ராக் குழு ‘யெஸ்’. அந்தப் பெயருக்கான உரிமை அப்போது குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் கிறிஸ் ஸ்கொயர் தரப்பிடம் இருந்தது. அதனால் இவர்கள் அந்தப் பெயரைப் போட முடியவில்லை. ஆனால் யெஸ் ஆல்பங்களுக்கு உறை வரைந்த ஓவியர் ரோஜர் டீன் இதற்கும் வரைந்த உறையைப் பார்த்த எந்த யெஸ் ரசிகருக்கும் இது யாருடைய ஆல்பம் என்று சொல்லவே வேண்டியதில்லை.

1971இல் ‘ஃப்ரஜைல்’, 1972இல் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஆகிய இரண்டு யெஸ் ஆல்பங்களையும் உருவாக்கிய ஐவரில் நால்வர் இங்கே இருக்கிறார்கள். ஐந்தாமவரான ஸ்கொயர் இல்லை. அந்த இடைவெளி ஆல்பம் முழுக்கக் காதில் விழுகிறது. யெஸ்ஸில் ஸ்கொயரின் ரிக்கன்பேக்கர் நிறுவன பேஸ் கிட்டார், தாளத்துக்கு அடியில் பதுங்கும் வாத்தியம் அல்ல. பிக் போட்டு மீட்டும் கூர்மையான ஒலியில், கிட்டாருக்கு நிகரான இன்னொரு மெட்டை அது வாசிக்கும். ஆண்டர்சனின் உச்சக் குரலோடு ஒட்டிக்கொள்ளும் இரண்டாம் குரலும் அவருடையதே. இங்கே அந்தப் பின்னணிக் குரல்களைப் பலர் பகிர்ந்து பாடியிருக்கிறார்கள். ஒலி நிறைகிறது, அடையாளம் வரவில்லை.

பேஸ் வாசிப்பவர் டோனி லெவின். இவரைச் சும்மா ஆள் நிரப்பக் கூப்பிடவில்லை. 1981 முதல் 1984 வரை கிங் கிரிம்ஸன் என்ற ராக் குழுவில் ப்ரூஃபோர்டும் லெவினும்தான் தாள ஜோடி. ‘டிசிப்ளின்’ உள்ளிட்ட மூன்று ஆல்பங்களை அப்படி வாசித்தவர்கள். ஆக இந்த ஆல்பத்தின் மேல் பாதி யெஸ், கீழ்ப் பாதி கிரிம்ஸன். லெவினின் வாசிப்பு உருண்டையானது, இடம் விட்டு வாசிப்பது. ‘பர்த்ரைட்’ பாடலில் இந்தக் கூட்டணி அபாரமாகப் பொருந்துகிறது. 1950களில் பிரிட்டன் ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளையும், அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு நேர்ந்ததையும் பற்றிய பாடல் அது. தாளம் மெதுவாக, கனமாக நடக்க, பேஸ் விடும் இடைவெளிகளே பாடலுக்கு இறுக்கம் தருகின்றன. ஆண்டர்சனின் வரிகள் பொதுவாக மேகத்தில் மிதப்பவை. இதில் தரையில் நிற்கின்றன. ஆல்பத்தின் சிறந்த ஆறு நிமிடங்கள் இவை என்பதில் சந்தேகமே இல்லை.

குறை எங்கே? முதலில் டிரம்ஸ். ப்ரூஃபோர்ட் இதில் சிம்மன்ஸ் எலக்ட்ரானிக் டிரம்ஸைப் பெரிதும் நம்பியிருக்கிறார். பேடைத் தட்டினால் முன்பே பதிவான ஒலியைக் கருவி எடுத்து ஒலிக்கும். 1972இல் அவருடைய ஸ்னேர் டிரம் கணீரென்று ஒலிக்கும். ஓர் அடி போல் இன்னோர் அடி இராது. அந்த வித்தியாசங்கள் இங்கே மழுங்கிப் போயிருக்கின்றன. அடுத்தது கிட்டார். 80களின் இறுதி டிஜிட்டல் சிந்தசைசர்கள் நடு அலைவரிசை முழுவதையும் அகலமாகப் பிடித்துக்கொள்கின்றன. ஹவ்வின் கிட்டாரும் வாழ்வது அதே இடத்தில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது கலவையில் தோற்பது கிட்டார். ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபயர்’ பாடலில் இது அப்பட்டமாகத் தெரியும். ஹவ் என்ன வாசிக்கிறார் என்று தேடித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

முதல்முறை கேட்பவர்கள் வரிசைப்படி போக வேண்டாம். மூன்றாவது ட்ராக்கான ‘ப்ரதர் ஆஃப் மைன்’ இல் தொடங்குங்கள். 10 நிமிடம் 18 வினாடி, மூன்று பகுதிகள். ஏஷியா குழுவில் ஹவ்வுடன் இருந்த ஜெஃப் டவுன்ஸுக்கும் இதன் ஆக்கத்தில் பங்குண்டு. முதல் பகுதி பொறுமையாகக் கட்டி எழுப்பும். கடைசிப் பகுதியில் வேகம் எகிறி, ஹவ்வும் வேக்மனும் ஒருவர்மேல் ஒருவர் பாய்வார்கள். அதன் சுருக்கிய சிங்கிள் வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள். மெதுவான ஏற்றம் இல்லாமல் அந்த முடிவுக்கு அர்த்தமில்லை. அடுத்து ‘பர்த்ரைட்’, பிறகு 9 நிமிட ‘ஆர்டர் ஆஃப் தி யுனிவர்ஸ்’. இதன் தொடக்க இசை கொஞ்சம் பகட்டுதான். ஆனாலும் மேடைக்கென்றே எழுதியது போன்ற கம்பீரம் இருக்கிறது. ‘குவார்ட்டெட்’டில் பழைய யெஸ் பாடல்களின் நினைவுகள் வரிகளில் எட்டிப் பார்க்கும். பழைய ரசிகருக்கு அது இனிக்கும், புதியவருக்கு ஒன்றும் புரியாது. ‘டீக்பாய்ஸ்’ கரீபியக் கொண்டாட்டத் தாளத்தில் ஏழரை நிமிடம் நீள்கிறது. மூன்று நிமிடத்தில் முடித்திருக்கலாம். ஆல்பம் பதிவானது கரீபியத் தீவான மான்செரட்டில் பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நிறுவிய ஏர் ஸ்டூடியோவில் என்பதால் அந்தத் தாளம் உள்ளே வந்தது புரிகிறது. (அதே ஆண்டு செப்டம்பரில் ஹ்யூகோ புயல் அந்த ஸ்டூடியோவைச் சிதைத்தது.) பியானோவும் குரலுமாக வரும் ‘தி மீட்டிங்’ எளிமையானது, அழகானது.

வாங்குவதானால் சிடி. எல்பி (வினைல் இசைத்தட்டு) வேண்டவே வேண்டாம், உறையின் அழகுக்காக வாங்கினால் ஒழிய. மொத்தம் 59 நிமிட இசையை ஒரே தட்டில் அடைத்திருக்கிறார்கள். முதல் பக்கம் மட்டும் 30 நிமிடம். நல்ல ஒலிக்கு ஒரு பக்கத்தில் 20 நிமிடம் சுற்றி இருப்பதே சரி. அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்காக ஒலி அளவையும் பேஸையும் குறைக்க வேண்டும். ஏற்கெனவே அடங்கியிருக்கும் லெவின் இன்னும் அடங்கிப்போவார். அதோடு ‘தி மீட்டிங்’ முதல் பக்கத்தின் கடைசியில், மையத்தை ஒட்டிய பள்ளங்களில் விழுகிறது. ஊசி திணறுவது அங்கேதான். அந்தத் திணறலைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும் வாத்தியம் பியானோ.

சிடியிலும் ஒரு சின்னத் திருத்தம் பலன் தரும். ஈக்வலைசரில் 80 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை 2 டெசிபல் ஏற்றி, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 1 அல்லது 2 டெசிபல் இறக்கிப் பாருங்கள். பேஸ் எழுந்து நிற்கும், சிந்தசைசரின் பளபளப்பு கொஞ்சம் தணியும். அதற்கு மேல் ஏற்றினால் டிரம்ஸ் பொதபொதவென்று ஆகிவிடும்.

இந்தப் பாடல்கள் பிடித்துப்போனால் அடுத்து ‘ஆன் ஈவ்னிங் ஆஃப் யெஸ் மியூசிக் ப்ளஸ்’ நேரலை ஆல்பத்துக்குப் போங்கள். 1989 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் ஷோர்லைன் அரங்கில் நடந்த கச்சேரி, 1993இல் வெளியானது. லெவினுக்கு உடல்நிலை சரியில்லாததால் அன்று பேஸ் வாசித்தவர் ஜெஃப் பெர்லின். ஸ்டூடியோவில் அமுங்கிக் கிடந்த கிட்டார் அங்கே வெளியே வருகிறது. ‘பர்த்ரைட்’, ‘ப்ரதர் ஆஃப் மைன்’ இரண்டும் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஒலிக்கும் அதே மேடையில் கூச்சமில்லாமல் நிற்கின்றன. 1991இல் இந்த நால்வரும் ஸ்கொயர் தரப்பு யெஸ்ஸும் இணைந்து வெளியிட்ட ‘யூனியன்’ ஆல்பத்தை மட்டும் இதன் தொடர்ச்சி என்று நம்பி வாங்காதீர்கள். அதில் வெளிக் கலைஞர்களின் வாசிப்பு நிறையக் கலந்திருக்கிறது. இந்த நால்வரைத் தேடிப் போனால் ஏமாற்றமே கிடைக்கும்.